எதையும் கேளாத பெருந்தகை

மூட்டுவலி ரத்தச் சோதனை பேக்கேஜே, நீ வாழ்க! எங்கே வலி, எத்தனை நாளாக என்று நீ யாரையும் தொந்தரவு செய்ததில்லை. கையை நீட்டினால் போதும். ஒரே ஊசிக்குத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபாக்டர், யூரிக் ஆசிட், ஏ.எஸ்.ஓ., ஏ.என்.ஏ. அத்தனைக்கும் பதில் தந்துவிடுகிறாய். சொல்லக் கூச்சப்படுபவருக்கும் கேட்க நேரமில்லாதவருக்கும் உன்னைப் போல் உற்ற துணை வேறில்லை.

உன் குலமும் பெரிது. 1940இல் நார்வேயின் எரிக் வாலரும், 1948இல் நியூயார்க்கின் ஹாரி ரோஸும் செம்மறியாட்டுச் சிவப்பணுக்களை வைத்துக் கண்டதுதான் உன் ஆர்.ஏ. ஃபாக்டர். அதன் பெருந்தன்மையைச் சொல்லி மாளாது. சரவாங்கி என்று நம் ஊரார் சொல்லும் முடக்குவாதம் உள்ளவர்களில் 100க்கு 70, 80 பேரிடம் அது இருக்கும். அதோடு நின்றுவிடாது. நலமாக நடமாடுகிறவர்களிலும் 100க்கு 5 பேரிடம் குடியிருக்கும். முதியவர்களிடம் இன்னும் கூடும். காசநோய், ஹெபடைடிஸ் சி, இதய வால்வில் கிருமித்தொற்று என்று எங்கே போனாலும் அதற்கு இடமுண்டு. நோயாளி, நோயில்லாதவர் என்று பேதம் பாராத மனம் அது.

உன் கொடைக்கு ஒரு கணக்கு உண்டு. வயது வந்த 1000 பேரை வரிசையில் நிறுத்துவோம். முடக்குவாதம் 100க்கு ஒருவருக்கு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், அவர்களில் 10 பேருக்கு அந்த நோய் இருக்கும். அந்த 10 பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ் என்பாய். மீதி 990 பேரிலும் ஏறத்தாழ 50 பேருக்கு அதே சொல்லைத் தருவாய். பத்து நோயாளிகள் இருந்த இடத்தில் 57 பேரைக் கவலைப்பட வைக்கும் ஆற்றல் வேறு யாருக்கு வரும்? விட்டுப்போன இரண்டு மூன்று பேருக்கோ நெகட்டிவ் என்று நிம்மதி தந்து அனுப்பிவிடுகிறாய். வீங்கிய விரல் மூட்டுகளோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். மருந்தை முதல் மாதங்களிலேயே தொடங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய எலும்பு அரிக்கத் தொடங்குகிறது.

ஈ.எஸ்.ஆருக்கு வெஸ்டர்கிரென் என்ற மருத்துவர் 1921இலேயே வழிமுறை வகுத்துவிட்டார். நிமிர்த்திய குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதே அளவு. எத்தனை இரக்கம் அதற்கு! மூட்டு அழற்சிக்கு ஏறும், காய்ச்சலுக்கு ஏறும், ரத்தசோகைக்கு ஏறும், கர்ப்பத்துக்கு ஏறும், வயதானாலே ஏறும். எல்லோருக்காகவும் ஏறுவதால், யாருக்காக ஏறியது என்று மட்டும் அது சொல்வதில்லை.

ஏ.எஸ்.ஓ. குழந்தைகளின் தோழன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டைக்கு வந்துபோன தடத்தை அது எளிதில் மறப்பதில்லை. அந்தத் தடம் பள்ளிப்பிள்ளைகள் பலரிடம் இருக்கும். அது மட்டுமே ருமாட்டிக் காய்ச்சல் ஆகாது. அந்தக் காய்ச்சல் என்று சொல்ல இதயம், மூட்டு போன்றவற்றில் வேறு அடையாளங்கள் வேண்டுமென்று மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் 1944இலேயே வரையறுத்துவிட்டார். ஆனாலும் ஓடியாடிவிட்டு ராத்திரியில் கால் வலிக்கிறதென்று அழுத பிள்ளைக்கு, அந்த எண்ணை நம்பி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போட வைக்கிற செல்வாக்கு உனக்கு உண்டு.

யூரிக் ஆசிட் பணிவானது. கவுட் என்ற மூட்டுநோய் வந்து கால் கட்டைவிரல் கொதிக்கிற அன்றைக்கே சிலரிடம் தன் அளவைக் குறைத்துக்கொண்டு அடக்கமாக நிற்கும். வலியே இல்லாதவர்களிடம் உயர்ந்து நின்று பருப்பையும் கீரையையும் இலையிலிருந்து விலக்க வைக்கும். மூட்டிலிருந்து ஒரு சொட்டு நீரை எடுத்து, துருவமுனைப்பு நுண்ணோக்கியில் ஊசிபோன்ற படிகங்களைப் பார்த்தால் சந்தேகம் தீரும் என்று மருத்துவர்கள் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் 1961இல் காட்டினார்கள். மூட்டில் சீழ் கட்டியிருந்தால் அதையும் அந்த நீரே காட்டிக்கொடுக்கும். உன் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்த நீரை எடுக்க ஒருவர் மூட்டைத் தொட்டாக வேண்டுமே!

ஏ.என்.ஏ.வின் புகழ் இப்போது ஏறுமுகம். 1:40 என்ற நீர்ப்பில் பார்த்தால், நலமாக இருப்பவர்களிலும் 100க்கு 30 பேர் வரை அது பாசிட்டிவ் காட்டும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, லூபஸ் என்ற நோயின் பெயரோடு இரவு முழுக்க விழித்திருக்கும் இளம்பெண்களை நீ அறியமாட்டாய். ஏ.என்.ஏ. பாசிட்டிவும் நோய்க்கான சந்தேகமும் இல்லாமல் அதன் கிளைச் சோதனைகளை எழுதாதீர்கள் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு 2013இல் கேட்டுக்கொண்டது. அத்தகைய கட்டுப்பாடெல்லாம் உன் வள்ளன்மைக்கு ஆகாது.

பேக்கேஜே, உன்னிடம் உள்ள ஒவ்வொரு சோதனையும் பொன்தான். சந்தேகம் பிறந்த இடத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் உண்மை பேசும். வாலரும் வெஸ்டர்கிரெனும் தந்த அந்தப் பொன்னையெல்லாம் அள்ளி, கேள்வியே இல்லாத கைகளில் நீ கொட்டுகிறாய். உன் பெருமை அதுதான். குற்றமும் அதுதான்.

எழுந்ததும் கை விறைப்பாக இருக்கிறதா? அரை மணியில் விடுகிறதா, ஒரு மணி நேரம் தாண்டியும் நிற்கிறதா? நடந்தால் முதுகுவலி குறைகிறதா, கூடுகிறதா? போன மாதம் சிக்குன்குனியா வந்ததா? இந்த நான்கு கேள்விக்குச் சில நிமிடம் போதும். ரத்தம் ஒரு சொட்டும் வேண்டாம். தேய்மானத்தையும் அழற்சியையும் பிரித்துப் பார்க்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. எந்தச் சோதனையை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதும் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. மருத்துவரே, முதலில் அந்தக் கையைப் பிடித்துப் பாருங்கள். வலிக்கிற கை அதற்காகத்தான் உங்கள் மேசைமேல் நீட்டப்பட்டிருக்கிறது.