திண்ணைக்கு டோக்கன் இல்லீங்

வாங் கண்ணு, வாங். செருப்பை அங்கயே உட்டுப்போட்டு இப்படித் திண்ணையில உக்காருங். எங்கிட்டப் பழமை பேசறதுக்கு டோக்கனும் வேண்டாம், வர்றேன்னு போன் பண்ணவும் வேண்டாம்.

கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல படிக்கற புள்ளைக, கடைசி வருசத்துல கிராமத்துல தங்கிப் பழகறதுக்கு வந்திருக்கறீங்க. வந்த மொத வாரமே எங்கூரை எனக்கே கலர்க் கோலப்பொடியில வரைஞ்சு காட்டுனீங்களே! எழுவது வருசமா இங்கயேதான் கெடக்கறேன். மாரியாத்தா கோயில் எந்தப் பக்கம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெளிவாச்சு.

இப்ப வேலைக்கு வழி சொல்லுங் தாத்தான்னு கேக்கறீங்க. பட்டம் வாங்கப் போறவங்க பட்டியில ஆடு அடைச்சவங்கிட்ட வந்து கேக்கறது எனக்கு நெம்பச் சந்தோசம். ஆனா ஒண்ணு. காலேஜுலயே வழி சொல்றதுக்குன்னு வாத்தியாருக இருக்கறாங்கல்ல, அந்த ரூமுப் பக்கம் எட்டிப் பாத்தீங்களா?

"கடைசி செமஸ்டர்ல போலாம்னு இருக்கறோமுங்."

அப்படிப் போடு! மும்முனைக் கரண்டு நின்னதுக்கப்பறம் மோட்டார் ரூமுக்கு ஓடற ஆளுக எங்கூர்லயும் நாலு பேர் உண்டு. கெணத்துல தண்ணி இருக்கும், மோட்டாரும் புதுசாத்தான் இருக்கும்.

சரி, போறீங்கன்னே வெச்சுக்குவோம். போயி என்ன கேப்பீங்க? "சார், எனக்கு என்ன வேலை கெடைக்கும்?" இந்த மாதிரித்தான் நானும் ஒருக்கா மருந்துக்கடையில போயி, "வெண்டைக்கு ஏதாச்சும் குடுங்"ன்னு நின்னேன். அந்தாளும் ஏதாச்சும் குடுத்தாரு. காசு போச்சு, வெண்டையும் போச்சு. போன மாசம் இந்தக் கதையச் சொன்னதுக்கு, இந்த அம்மிணிதான் என்னையப் புடிச்சு வைஞ்சுது. "சீக்கு வந்த இலையப் பறிச்சுட்டுப் போகாம எப்படிங் மருந்து கேட்டீங்க?"ன்னு. நியாயந்தான் அம்மிணி. அந்த ரூமுக்கு நீ எந்த இலையப் பறிச்சுட்டுப் போவே?

முழிக்கறயா? முழி, முழி.

எல்லாரும் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேளாண்மை அலுவலராகோணும், இல்லாட்டி பேங்குல வேளாண் அதிகாரியாகோணும். நல்ல வேலைதான், ஆருங் வேண்டாம்னு சொன்னா? கறவை மாட்டுக் கடனுக்கு எங்க கட்டுத்தறியப் பாக்க ஒரு பேங்க் தம்பி வந்தாரு. மாடு தலையத் திருப்புச்சு, தம்பி வேலியத் தாண்டி நின்னுட்டாரு. அவராச்சும் வந்தாரே! அந்த வேலைக்குப் பரீட்சை எழுதிப்போட்டு, வருசக் கணக்கா வேற ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கற பையனுக எத்தனை பேரு.

உங்க கோயமுத்தூர் காலேஜுலதான் எம்.எஸ். சுவாமிநாதனும் படிச்சாரு. 1948-ல பரீட்சை எழுதி ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேறுனவரு, அதை உட்டுப்போட்டு நெதர்லாந்துக்கு உருளைக்கெழங்கு ஆராய்ச்சிக்குப் போனாரு. கைக்கு வந்த போலீஸ் தொப்பிய உட்டுட்டுக் கெழங்குக்குப் பின்னால போனவரை நம்ம ஒறம்பரைக என்ன பேசியிருக்கும்னு நெனைச்சுப் பாருங். நீங்களும் ஐ.பி.எஸ்.ஸை உட்ருங்கன்னு நான் சொல்லலீங். மொதல்ல கெடைக்கட்டும்.

இலைக்கு வருவோம். தம்பி, 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில வெள்ளை ஈ வந்துது பாரு, அதுக்கப்பறம் எந்தோப்புல மட்டையெல்லாம் கரி பூசுனாப்பல. போன வாரம் மட்டையத் திருப்பிப் புடிச்சு, ஈ இலைக்கு அடியிலதான் இருக்குமுங், கண்டபடி விசம் அடிச்சா அதைத் திங்கற என்கார்சியாங்கற குட்டிக் குளவியும் செத்துப்போகும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங், தண்ணியப் பீச்சி அடிங்கன்னு பத்து நிமிசம் பேசுனயே. பொழுதோட டீக்கடையில நாங்க அதைத்தான் பேசிட்டிருந்தோம். மருந்து கம்பெனி ஆளு வந்து பேசுனா, காசை எடுத்து இடுப்புல செருகிக்குவோம். நீ பேசுனப்ப ஒருத்தனும் எந்திரிக்கல. அந்த ரூமுக்குப் போனா, "நான் பேசுனா பண்ணையக்காரன் எந்திரிச்சுப் போறதில்லீங், இதை வெச்சு என்ன பண்ணலாம்?"னு கேளு. இதுதான் சாமி உன்ற இலை.

பண்ணறதுக்கா இல்லை? புதுசாப் பூச்சிமருந்துக் கடை போடோணும்னா பட்டமோ பட்டயமோ வேணும்னு சட்டமே இருக்குது. எனக்கு ஏதாச்சும் குடுத்தாரே அந்தக் கடைக்காரரு, அவரே இந்த வயசுல வாரம் ஒருக்கா ஒரு வருசப் படிப்புக்குப் போயி பெஞ்சுல உக்காந்துட்டு வாறாரு. 2002-லயிருந்து மத்திய சர்க்காருல அக்ரி கிளினிக்னு ஒரு திட்டம். 45 நாள் பயிற்சி குடுத்து, கடனுக்கு 36 சதவீதம் மானியம். அம்மிணிகளுக்கு 44. தம்பி மூஞ்சியச் சுருக்காத. மானியம் பெருசுன்னு கடனைப் பெருசா வாங்கிப்போடாதீங், மிச்சத்தைக் கட்டற தேதி மட்டும் மறக்காம வரும்.

அப்பறம் இன்டர்வியூல சம்பளம் கேக்கக் கூச்சமா இருக்குதுன்னு சொன்னீங்க. கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கறீங்களா? துண்டுக்குள்ள கைய உட்டு வெரலைப் புடிச்சே வெலை பேசிருவோம். வாய் தொறக்காமயே இத்தனை பேசலாம். ஆனா வெலை என்னன்னு தெரியாம மாட்டை ஓட்டிட்டுப் போறவன் எவனும் இல்லை. இன்டர்வியூக்காரங்க பல்லப் புடிச்சுப் பாத்தா மட்டும் கோவிச்சுக்காதீங், மாடே கோவிச்சுக்கறதில்லை.

கெளம்பறீங்களா? மோர் குடிச்சுட்டுப் போங். நாளைக்குத் தோப்புல செயல்விளக்கம்னு போர்டு எழுதியிருக்கறீங்கல்ல, அந்த மஞ்சள் ஒட்டுப்பொறி, போட்டோ எடுத்ததும் அவுத்துட்டுப் போயிராதீங். போன வருசப் புள்ளைக அப்படித்தான் பண்ணிப்போட்டாங்க.