சிக்கனத்தின் சிகரம்

சிக்கனம் என்றால் என்ன என்று நம் நிதியமைச்சர்கள் யாரிடமாவது பாடம் கேட்க விரும்பினால், இந்தி சினிமாவிடம் கேட்கலாம். சுமார் 1,70,000 பேரை மீட்ட கதையை ஒற்றை ஆளை வைத்தே முடித்துக் காட்டியது, 2016 ஜனவரியில் வெளிவந்த ‘ஏர்லிஃப்ட்’. இயக்குநர் ராஜா கிருஷ்ண மேனன் வாழ்க!

நடந்த சம்பவத்தில்தான் எத்தனை ஊதாரித்தனம்! 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படை குவைத்துக்குள் புகுந்தது. கையிலிருந்த குவைத் தினார் செல்லாக்காசாக, பிழைக்கப் போன இந்தியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாதுக்கே பறந்து சதாம் உசேனைக் கட்டித் தழுவினார்; அதற்காக உலகத்திடம் வசவும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊர் திரும்புவோருக்குக் காகிதம் எழுதிக் கொடுக்க அதிகாரிகள், முகாம் நடத்தத் தொண்டர்கள், பாலைவனத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பேருந்து ஓட்டி ஜோர்டானின் அம்மான் நகரில் கொண்டுவந்து சேர்க்க ஓட்டுநர்கள், அங்கிருந்து இரண்டு மாத காலம் மாறி மாறிப் பறக்க ஏர் இந்தியா விமானிகள். கின்னஸ் புத்தகத்தில் ஏறியதைத் தவிர இவ்வளவு பேரும் என்ன கண்டார்கள்? இத்தனை பேருக்கும் க்ளோஸ்-அப் வைத்தால் எந்தத் தயாரிப்பாளர் தாங்குவார்?

மேனன் தாங்க வைத்தார். அக்‌ஷய் குமார் நடித்த ரஞ்சித் கத்யால் என்ற தொழிலதிபர், குவைத்தில் நின்று மக்களைக் காத்த மாத்துண்ணி மாத்யூஸ், ஹர்பஜன் சிங் வேதி போன்றோரின் கலவை என்கிறார்கள். பலரைக் கலந்து ஒருவர் ஆக்கினால் நாயகன் சம்பளம் ஒன்றோடு போயிற்று. அப்படிக் கலக்கும்போது மலையாளியான மாத்யூஸின் ஊர்ச்சாயல் கரைந்து போனால் என்ன? குவைத்தில் சிக்கியவர்களில் கேரளத்தவர் ஏராளம் என்பதற்காக நாயகனும் கேரளத்தவராக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

தில்லியில் செய்த சிக்கனம் இன்னும் மேல். மொத்த வெளியுறவுத் துறையையும் கோப்புகளுக்கு நடுவே தவிக்கும் கோலி என்ற ஒரே அதிகாரிக்குள் அடக்கிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அலட்சியம் காட்டும் வேலை. நிஜத்தில் வேலை பார்த்தவர்களைவிட, படத்தில் வேலை பார்க்காமல் இருந்தவர்கள்தான் நம் மனத்தில் நிற்கிறார்கள். இது லேசான சாதனையா?

இதைக்கூட ரசிக்கத் தெரியாதவர்கள் உண்டு. அப்போதைய வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளர் விகாஸ் ஸ்வரூப், படம் கற்பனைச் சுதந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னார். துறையின் முன்னாள் செயலர் நிருபமா ராவும் குறை சொன்னார். காலமெல்லாம் கோப்பு பார்த்த கண்ணுக்குக் கலை தெரியுமா? ராத்திரி பகலாகப் பயண ஆவணம் நிரப்பிய எழுத்தரைத் திரையில் காட்டினால் எவன் விசில் அடிப்பான்? போருக்கு முன்னால் விருந்தும் ஆட்டமும் பாட்டும், பின்னால் கொடியும் கண்ணீரும் வைத்தால்தானே டிக்கெட் காசு செரிக்கும்? ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று போட்டுவிட்டால் போதும். தழுவியது என்றுதானே சொன்னார்கள், விடாமல் பிடித்துக்கொண்டது என்றா சொன்னார்கள்?

இவ்வளவு பயன் தந்த படத்திலிருந்து அரசும் பாடம் கற்க வேண்டும். அடுத்த போர் மூளும்வரை தூதரகங்களுக்கும் விமானங்களுக்கும் அதிகாரிகளுக்கும் பணத்தைக் கொட்டுவானேன்? கோடீஸ்வரர் ஒருவரைத் தேர்ந்து, அவருக்குத் தக்க சமயத்தில் மனம் மாறும்படி ஒரு காட்சியும் எழுதி வைத்துவிட்டால் மீட்புப் பணி தானாக நடந்துவிடும். கால்ஷீட் மட்டும் போருக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.