பத்து முறை பெண் கேட்ட கார்

கேள்வி: மலைப்பகுதிகளில் புகை கக்கும் வாகனங்களைக் குறைக்க உள்ளூர் மக்கள் ஒத்துழைப்பார்களா?

பதில்: ஒத்துழைப்பது இருக்கட்டும், சில இடங்களில் மக்களே முன்னால் நின்று அரசைத் தம் பின்னால் இழுத்துச் சென்றிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் என்னும் மலை மாநிலம் 1900இல் கார்களை அடியோடு தடைசெய்தது. தடையை நீக்கலாமா என்று மக்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டு, பத்து வாக்கெடுப்புகளைக் கடந்த பின்னரே, 1925இல், காருக்கு வழி கிடைத்தது. பெண் கேட்டுப் போன வீட்டில்கூட இத்தனை முறை படியேற நேர்ந்திருக்காது!

அந்நாட்டில் 18 மாதங்களுக்குள் ஒரு லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தால், அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை நேரடியாக மக்கள் வாக்குக்கு விடலாம். ‘மக்கள் முன்முயற்சி’ எனப்படும் இம்முறையின் வழியே, ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடந்து செல்லும் சரக்குப் போக்குவரத்து சாலையிலிருந்து ரயிலுக்கு மாற வேண்டும் என்ற திருத்தம், அரசின் எதிர்ப்பையும் மீறி, 1994இல் 51.9 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது. லாரிப் புகையையும் இரைச்சலையும் அன்றாடம் அனுபவித்த ஊரி மாநிலத்தார் அதனைப் பெருவாரியாக ஆதரித்ததில் வியப்பில்லை. பள்ளத்தாக்கில் புகை எளிதில் கலைவதில்லை, கோபமும் அப்படியே.

2001 முதல் லாரிகளிடம் எடைக்கும் தூரத்திற்கும் ஏற்ப வசூலிக்கப்பட்ட கட்டணத்தின் ஒரு பகுதி, 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்திற்குச் சென்றது. இருந்தும், ஆல்ப்ஸைக் கடக்கும் லாரிகளை ஆண்டுக்கு 6,50,000 என்ற சட்ட வரம்புக்குள் குறைக்க அந்நாட்டால் இன்னும் முடியவில்லை.