நோன்பும் நாலு டப்பாவும்

போன ரமலானில் நோன்போடு உடம்பையும் ஏற்றிவிடுவது என்று கிளம்பினேன். தூண்டிவிட்டவர் ஹக்கீம் ஒலாஜுவான். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துக்காரர். 1995 பிப்ரவரியில் நோன்பு வைத்துக்கொண்டே ஆடி, அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராக வந்தவர். அவர் 7 அடி. நான் 5 அடி 4 அங்குலம், அதுவும் தொப்பியோடு.

வே புரோட்டீன், கிரியேட்டின், பிரீ-வொர்க்அவுட், மீன் எண்ணெய் மாத்திரை என்று நாலு டப்பா வாங்கினேன். அத்தா விலை கேட்டார். பாதிதான் சொன்னேன். நோன்பு மாதத்தில் பொய் சொல்லக் கூடாதே என்று ஷஅபானிலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

கிரியேட்டின் 5 கிராம் போட்டால் நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் ஜிம் மாஸ்டர். நான் எழுந்ததே சஹர் முடிய பத்து நிமிடம் இருக்கும்போதுதான். ஒன்றரை லிட்டரை மடமடவென்று இறக்கிவிட்டு சுபுஹு தொழுகைக்கு ஓடினேன். இமாம் அன்று பார்த்து நீளமான சூராவாக எடுத்தார். கிரியேட்டினை நோன்பு திறந்த பிறகு சாவகாசமாகவே சாப்பிடலாமாம். அதை மாஸ்டர் பதினைந்தாம் நோன்பில் சொன்னார்.

மீன் எண்ணெய் இன்னும் விசேஷம். காலை எட்டு மணிக்குக் கடையில் ஒரு ஏப்பம் விட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்கைச் சுளித்தார்.

“என்ன தம்பி, காலையிலேயே மத்திக் குழம்பா?”

“இல்ல பாய், மாத்திரை.”

“நோன்புல மாத்திரையா?”

சஹரில் போட்டது என்று நிரூபிப்பதற்குள் லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டாரா? மேலே இருக்கும் உறை எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்று கேட்டார். டப்பாவில் வெறும் ‘ஜெலட்டின்’ என்றுதான் இருந்தது. அந்த டப்பா அன்றோடு ஓய்வு பெற்றது.

அடுத்து நான் செய்ததை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், அதிர்ஷ்டம் இருந்தால் கொத்துக்கறி. ஆவி பறக்கும் அந்தக் கஞ்சியில் இரண்டு ஸ்கூப் வே புரோட்டீனைக் கொட்டிக் கலக்கினேன். சூட்டில் அது கரையாது, கட்டி கட்டியாகத் திரளும் என்று அன்றுதான் கற்றேன். பவுடர் சாக்லேட் ஃப்ளேவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூண்டும் சாக்லேட்டும் ஒரே வாயில் சந்திக்கக் கூடாதவை.

“பருப்பும் கறியும் கிடக்கிற கஞ்சி. அதுல இல்லாத புரோட்டீனா?” என்றார் அம்மா. பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. கட்டி அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

தராவீஹ் முடிந்ததும் நேராக ஜிம்முக்குப் போகலாமே என்று ஒருநாள் பிரீ-வொர்க்அவுட்டை முன்கூட்டியே குடித்துவிட்டுத் தொழ நின்றேன். அதில் பீட்டா அலனைன் என்று ஒன்று இருக்கிறது. குடித்த கொஞ்ச நேரத்தில் காது, கன்னம், கழுத்தெல்லாம் எறும்பு ஊரும். 20 ரக்அத்தும் சொறியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிந்ததும் பக்கத்து ஸஃப் பெரியவர் தோளைத் தட்டி, “குர்ஆன் கேட்டா இப்படித்தான் உடம்பு சிலிர்க்கணும், மாஷா அல்லாஹ்” என்றார். நான் மறுக்கவில்லை. அப்போது நோன்பு திறந்தாகிவிட்டது.

அதில் இருந்த காஃபீன் நாலு மணிவரை விட்டத்தைப் பார்க்க வைத்தது. நாலேகாலுக்குக் கண் அசந்தது. சஹர் போயிற்று.

பெருநாள் கழித்து எடை பார்த்தேன். 3 கிலோ கூடியிருந்தது. மாஸ்டர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் வடை” என்றார்.

இந்த வருடம் டப்பா எதுவும் வாங்கவில்லை. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் தூக்குவாளிகளுக்கு நடுவே என் ஷேக்கரை நீட்டுகிறேன். முதல் நாள் ஊற்றுகிறவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏதோ கம்பிச் சுருள் கிடக்குதே?”

“அது கெடக்கட்டும் பாய். 700 மில்லி கோடு வரைக்கும் ஊத்துங்க.”