தண்ணீர் ஊற்றிய பின் வரும் தள்ளாட்டம்

கேள்வி: அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் பிள்ளை தள்ளாடி நடந்தால், அது படுத்துக் கிடந்த சோர்வுதானே?

பதில்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் வேப்பிலையும் மஞ்சளும் இட்டுத் தண்ணீர் ஊற்றும் நாளும், சின்னம்மை நரம்பைத் தொடும் நாளும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஒட்டியே வருவதால், சோர்வு என்று எண்ணிவிடுவது எளிது. கொப்புளம் எழுந்து ஒரு வார அளவில், நடையின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை அழற்சியுற்று, கால் பின்னுவதும் பேச்சு குழறுவதும் ஏறத்தாழ 4,000 பிள்ளைகளில் ஒருவருக்கு நேர்கிறது. பெரும்பாலும் இது சில வாரங்களில் தானே சரியாகிவிடும். ஆனால் வலிப்பு, அடங்காத வாந்தி, நினைவு மங்குதல் ஆகியவை மூளையழற்சியின் அடையாளங்களாக இருக்கலாம் என்பதால், அம்மைக்கு மருந்து ஆகாது என்னும் தயக்கத்தை விட்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் மருந்து இருக்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது மூளையை வீங்கச் செய்து கல்லீரலையும் கெடுக்கும் ரை நோய்க்கு வழிவிடும். ஆத்தாள் மலையேறிய பின்னும் வைரஸ் இறங்குவதில்லை. அது நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, பல்லாண்டு கழித்து அக்கியாக எழும்போது, குயவர் காவியால் எழுதுவது அதே பழைய விருந்தாளியின் மேல்தான்.