வானத்துக்குப் போனாலும் வாசல் பேச்சுதான்

உக்காரு தம்பி. தே ஆறிடப் போவுது. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஏதோ கருத்தரங்குக்குப் போயிட்டு வந்தியாமே? மனுசன் பேசற மொழிதான் அவன் விண்வெளியை நெனைக்கற விதத்தை முடிவு பண்ணுதுன்னு ஒரு புரொபசர் படம் போட்டுக் காட்டினாராமே? அதுக்கு எதுக்குப்பா ஏர்கான் அறையும் கழுத்துல அட்டையும்? கிள்ளான் கோப்பிக் கடையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா காசு மிச்சம்.

1977ல அமெரிக்காக்காரன் வாயேஜர்னு ரெண்டு விண்கலம் விட்டான். ரெண்டுலயும் தங்க முலாம் பூசின செப்புத் தட்டு ஒண்ணு. எங்க காலத்து கிராமபோன் தட்டேதான். என்னிக்காவது எவனாவது எடுத்துக் கேக்கட்டும்னு 55 மொழியில வாழ்த்து பதிஞ்சு அனுப்பினாங்க. கார்ல் சேகன்னு பெரிய விஞ்ஞானி முன்ன நின்னு செஞ்ச வேலை. ஊர் அழிஞ்சாலும் அழியாத பேச்சு. மனுசன் என்ன பேசியிருப்பான்னு நெனைக்கற? அண்டம், பேரண்டம், ஆதி, அந்தம்? ஒரு மண்ணும் கெடையாது.

நம்ம கிள்ளான் சீனவங்க பேசற ஹொக்கியன் இருக்கில்ல, அந்த அமோய்ப் பேச்சுல ஒரு அம்மா கேக்குது: நல்லாருக்கீங்களா, சாப்பிட்டாச்சா, ஒழிஞ்ச நேரத்துல நம்ம பக்கம் வந்து உக்காந்துட்டுப் போங்க. அவ்வளவுதான். பாக் குட் தே கடைத் தவுக்கே தெனமும் கேக்கறதுதானே? நாம 'பசியாறியாச்சா'ங்கறோம், அதேதான். எதிர்ல வர்றதுக்கு வாய் இருக்கா, வயிறு இருக்கா? யாருக்குத் தெரியும்? இருந்தாலும் கேட்டுடணும். அது முறை.

குஜராத்தியில பேசினவரு, பூமியில ஒரு மனுசன்கிட்டருந்து வணக்கம்னு சொல்லி, தொடர்பு கொள்ளவும்னு முடிச்சாரு. போன் நம்பர்தான் பாக்கி. துருக்கி மொழியில ஆரம்பமே 'துருக்கி தெரிஞ்ச நண்பர்களே'ன்னு. எந்தக் கெரகத்துலடா துருக்கி தெரிஞ்சவன் குந்திக்கிட்டிருக்கான்? ஸ்வீடிஷ்ல ஒரு அம்மா தன் உத்தியோகத்தையும் ஊரையும் சேத்துச் சொல்லுது. எல்லாத்துலயும் எனக்குப் பிடிச்சது இந்தோனேசியா வாழ்த்து. நமக்குத்தான் அது வார்த்தைக்கு வார்த்தை புரியுமே. 'செலாமாட் மாலாம்' சொல்றாரு. அடுத்த மூச்சுல பிரியாவிடை, இன்னொரு நாள் சந்திப்போம்! வந்தவன் இன்னும் கதவையே தட்டல. இங்க கூட்டம் முடிஞ்சு நாற்காலி மடக்கியாச்சு.

வாயேஜர் 1 இப்ப 2,400 கோடி கிலோமீட்டரைத் தாண்டி ஓடுது. சாப்பிட்டாச்சாவும் கூடவே ஓடுது.

தமிழ்ல என்ன சொன்னாங்கன்னுதானே கேக்கப் போற? ஒண்ணும் சொல்லல. தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு. பேச ஆளே இல்லாத சுமேரியனும் அக்காடியனும் இருக்கு. தமிழ் இல்ல. உடனே கொடி பிடிக்காத. கார்னெல் பல்கலைக்கழகத்துல கைக்கெட்டினவங்களைக் கூப்பிட்டு அவசரத்துல பதிஞ்சது. நம்மாளு அந்த வரிசையில இல்ல. அதுக்கு ஈடு கட்டத்தான் வாட்ஸ்அப் இருக்கே. திருநள்ளாறு கோயிலுக்கு மேல சாட்டிலைட் நின்னு போவுதாம், நாசாவே கையெடுத்துக் கும்பிடுதாம். ஏண்டா, ஓடறது நின்னா கீழ விழாதா? உண்மையான கெட்டிக்காரத்தனம் வேற எடத்துல இருக்கு. சனி சூரியனை ஒரு சுத்து வர 29½ வருசம் கிட்ட ஆவுது. 12 ராசிக்குப் பிரி. ராசிக்கு ரெண்டரை. மூணு ராசிக்கு? ஏழரை! தூரதர்சினி இல்லாத காலத்துல ஒருத்தன் மொட்டை மாடியில படுத்துப் பாத்து எண்ணின கணக்கு. இதை எவன் ஃபார்வர்ட் பண்றான்?

2007ல நம்ம நாட்டுல ஒரு கூத்து நடந்துச்சு. நீ அப்ப அரைக்கால் சட்டை. விண்வெளிக்குப் போக 11,000 பேருக்கு மேல மனுப் போட்டு, வடிகட்டின கடைசி நாலு பேர்ல நம்ம வனஜாவும் ஒண்ணு. ஒரே பொம்பளப் புள்ள. கடைசியில டாக்டர் ஷேக் முஸாபர் ஷுகோர் அக்டோபர் 10ஆம் தேதி பைக்கனூர்லருந்து சோயுஸ்ல ஏறினாரு. ரஷ்யாகிட்ட 18 சுகோய் போர் விமானம் வாங்கினோமே, அதோட சேத்து வந்த சீட்டு. நாசா தாள்ல அவரு 'விண்பயணப் பங்கேற்பாளர்'. நம்ம பத்திரிகையில 'அங்காசாவான்'. கோப்பிக் கடையில ரெண்டு கட்சி, மேசை மேல அடி. ஆளு ஒண்ணு, சீட்டு ஒண்ணு, போன ஒசரமும் ஒண்ணு. பேருதானே வேற? அங்காசா வேற யாரும் இல்ல, நம்ம ஆகாயம்தான் மலாய்ச் சட்டை போட்டு நிக்குது. பந்தாய் பக்கம் வானொலி நிலையத்துக்கே அங்காசாபுரின்னு பேரு. ஆகாயப் பட்டணம்! பேரு ஆகாயம்தான், வாசல்ல கார் நகர மாட்டேங்குது.

அவரு போனது நோன்பு மாசம். மேல 90 நிமிசத்துக்கு ஒரு சுத்து, நாளைக்கு 16 தரம் பொழுது விடியும். அஞ்சு வேளைத் தொழுகையை எப்படிக் கணக்கு வைக்கறது? மார்க்கப் பெரியவங்க கூடிப் பேசி, ஏறின ஊர் நேரத்தை வச்சுக்கோன்னுட்டாங்க. தெளிவான பேச்சு. நம்ம ஆளு போயிருந்தா? ராகு காலம் பகல்ல எட்டுல ஒரு பங்கு. மேல பகல் முக்கா மணின்னு வச்சுக்கோ. அஞ்சரை நிமிசம் சொச்சம் ராகு காலம், அதுவும் நாளைக்கு 16 தரம். கூட்டிப் பாரு, அங்கயும் அதே ஒண்ணரை மணி நேரம். எங்க ஓடினாலும் ராகு விடல பாத்தியா?

சிரிக்கிறல்ல. ஒரே ஒரு எடத்துல உன் புரொபசர் சொல்றது சரி. செவ்வாயில காலனி போடறதா ஈலான் மஸ்க் சொல்றாரே, அந்தக் காலனிங்கற பேச்சைக் கேட்டா உனக்கு என்ன தோணுது? கண்ணாடிக் கூரை, வெள்ளை உடுப்பு. ரஜுலா கப்பல்ல வந்து கிள்ளான் துறைமுகத்துல எறங்கினவன் பேரன் எனக்கு வேற தோணுது. 2020ல அந்த மனுசன் என்ன சொன்னாரு? காசு இல்லாதவங்களுக்கு டிக்கெட்டுக்குக் கடன் உண்டாம், அங்க வேலையும் நெறைய உண்டாம். இதை எங்கயோ கேட்டிருக்கமே! கங்காணி முன்பணம் குடுத்து, கப்பல்ல ஏத்தி, கித்தாக் காட்டுல விட்டான். போக வழி சொன்னான், திரும்பற வழி சொல்லல. இந்தியா 1938ல அந்த ஆள்பிடிப்பை நிறுத்தி வச்சுது. தோட்டத்துக் கடையில அரிசியைக் கடன்னு எழுதினான். செவ்வாயில மூச்சுக் காத்தையும் எழுதுவான். போறதுன்னா போ. கணக்குப் புத்தகம் யாரு கையிலன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ.

இன்னொண்ணு சொல்லி முடிச்சிடறேன். ஏரிக்கரைப் பூங்கா மேட்டுல நீலக் கூரைக் கோளரங்கம் இருக்கே, அதை ஆரம்பத்துல பாத்துக்கிட்ட அம்மா மஸ்லான் ஒத்மான். வியன்னாவுல ஐ.நா. விண்வெளி அலுவலகத்துக்கே தலைவியாப் போனாங்க. 2010 செப்டம்பர்ல லண்டன் பத்திரிகை ஒண்ணு, வேற கெரகத்துக்காரன் வந்தா பூமி சார்பா வரவேக்கப் போறது இந்த அம்மாதான்னு எழுதிடுச்சு. உலகமே தூக்கிப் பிடிச்சுது. அந்த அம்மா என்ன சொன்னாங்க? கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்படி ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.

நம்ம ஆளுன்னா மறுத்திருப்பானா? மறுநாளே வரவேற்புக் குழு. தலைவர் ஒருத்தர், துணைத் தலைவர் ஆறு பேர், எதிர்க் குழு ஒண்ணு. குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் ரெண்டு மணி நேரம் தாமதம். ஜாலான் தெங்கு கிளானாவுல இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் பேனர். டத்தோ படம் பெருசா, டத்தின் படம் பக்கத்துல, ஆதரவாளர் படம் கீழ வரிசையா. வர்றவரு படம் கடைசி மூலையில, தபால்தலை அளவுல. அதுலயும் முகம் பாதி மடிப்புல போயிருக்கும்.