18 மாதம் என்றால் எட்டு வருடம்

ஸ்காபரோவில் எஞ்சினியருக்குப் பஞ்சமில்லை. பேராதனையில் படித்தவர், கிண்டியில் படித்தவர், துபாயில் மேம்பாலம் கட்டியவர். டாக்ஸி ஓட்டுபவர்களைக் கூட்டினாலே ஒரு அணைக்கட்டு எழுப்பலாம். ஆனால் ஒன்ராறியோவின் தொழில்முறைப் பொறியாளர் சங்கம் கேட்டது 12 மாதக் கனேடிய அனுபவம். அதுவும் இங்கே லைசன்ஸ் உள்ளவரின் கீழ். அந்த அனுபவத்தைத் தேடி வேலைக்குப் போனால், ரெசுமேயைப் புரட்டிவிட்டு, "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ?" என்றார்கள்.

அனுபவம் இல்லாவிட்டால் கட்டடம் இடிந்துவிடுமாம். நல்ல அக்கறை.

2012 ஜூன் 23. அதே ஒன்ராறியோவின் எலியட் லேக் நகரில் ஒரு மாலின் கூரை இடிந்தது. கூரைமேல் கார் நிறுத்தம். 1980இல் திறந்த காலத்திலிருந்தே ஒழுகல். இரண்டு பெண்கள் பலி. சில வாரம் முன்புதான் ஒரு எஞ்சினியர் பார்த்துவிட்டு, கட்டடம் உறுதி என்றார். அவருடைய லைசன்ஸ் அதற்கு முன்பே பறிபோயிருந்தது. கனேடிய அனுபவத்துக்கு மட்டும் அவரிடம் குறைவே இல்லை.

இந்த இடிபாட்டை ஆராய்ந்த பெலாஞ்சே விசாரணை ஆணையம் 2014 அக்டோபரில் பொறியாளர் சங்கத்திடம் சொன்னது: உறுப்பினர்கள் தொடர்ந்து படிப்பதைக் கட்டாயமாக்குங்கள், 18 மாதத்துக்குள். 2017இல் திட்டம் வந்தது. விரும்பினால் சேரலாமாம்! கட்டாயமானது 2023 ஜனவரியில். 18 மாதம் எட்டு வருடமானது.

ஏன் ஆகாது? சங்கத்துக்கு 1922 முதல் சட்டம் தந்த சுயாட்சி இருக்கிறது. கவுன்சிலின் பெரும்பகுதியை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். அரசு கொஞ்சப் பேரை நியமிக்கும். தலைவர் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போவார். தனக்கு ஓட்டுப் போடுபவனிடம் போய் "மறுபடி படி" என்று எவன் சொல்வான்? பரீட்சையை எல்லாம் ஓட்டில்லாத வந்தேறிக்கு வைத்தால் போதும்.

கனேடிய அனுபவம் கேட்பது முதல் பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் சொன்னது 2013இல். சங்கம் அசையவில்லை. 2021இல் மாகாண அரசு அதைத் தடுக்கச் சட்டமே போட்டது. ஒருவழியாக 2023 மே மாதம் விதி போனது. மாகாணத்திலேயே இதைச் செய்த முதல் சங்கம் இதுதான் என்று அரசு பெருமையோடு அறிவித்தது. கைதட்டுங்கள், ஐயா. பத்து வருடம் மிதித்த காலை எடுத்ததற்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.